ஓல்டு சேரம்: ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓல்டு சேரம் என்பது எது? எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் தென்பகுதியில், வில்ட்ஷயர் மாவட்டத்தில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழங்காலக் கோட்டை மேடுதான் ஓல்டு சேரம். இரும்புக் காலத்தில் எழுப்பப்பட்ட மண் அரண்கள் இன்றும் வட்டமாக அதைச் சூழ்ந்து நிற்கின்றன. இதே பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதியும் இருந்தது. 1295-இல் தொடங்கி 1832-இல் ஒழிக்கப்பட்ட அத்தொகுதி நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை பெற்றிருந்தது. அதன் கடைசி இரண்டு நூற்றாண்டுகளில் வாக்காளர் எவரும் அங்கே குடியிருக்கவில்லை என்பதே இத்தொகுதி இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம்.

சாலிஸ்பரி தொகுதியும் இதுவும் ஒன்றா?

இல்லை. சாலிஸ்பரியின் அதிகாரப்பூர்வப் பெயர் நெடுங்காலம் ‘நியூ சேரம்’ என்றே இருந்தது. அந்நகரம் தனக்கென இரண்டு உறுப்பினர்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்தது. மேட்டின்மேல் இருந்த பழைய ஊர் ஒரு தொகுதி, சமவெளியில் எழுந்த புதிய ஊர் இன்னொரு தொகுதி. பழைய ஊர் மறைந்த பின்னும் அதன் இரண்டு நாடாளுமன்ற இடங்கள் மறையவில்லை.

ஊர் எப்படிக் காலியானது?

நார்மன் மன்னர் முதலாம் வில்லியம் 1070-ஆம் ஆண்டையொட்டி இந்த மேட்டில் ஒரு கோட்டையைக் கட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஆயர் பீடமும் இங்கே மாற்றப்பட்டு, 1092-இல் பேராலயம் ஒன்று நேர்ந்தளிக்கப்பட்டது. ஐந்தே நாளில் புயல் அதைச் சேதப்படுத்தியது. 1086-இல் நாட்டின் பெரும் நிலக்கிழார்கள் எல்லாரையும் வில்லியம் வரவழைத்துத் தமக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் செய்ததும் இங்கேதான். ஆக, ஒரு காலத்தில் இது உண்மையிலேயே நாட்டின் முக்கியமான இடங்களுள் ஒன்று.

ஆனால் கோட்டைப் படையினரும் ஆலயக் குருமாரும் ஒரே மதிலுக்குள் குடியிருந்ததால் ஓயாத சச்சரவு. மேட்டின்மேல் தண்ணீர்த் தட்டுப்பாடு. பாடகர் குழுவினர் பாடுவது ஒருவருக்கொருவர் கேட்காத அளவுக்குக் காற்று வீசுகிறது என்ற முறையீடு வேறு. ஆயர் ரிச்சர்ட் பூர் போப்பாண்டவரின் அனுமதியைப் பெற்று, ஏவன் ஆற்றங்கரைச் சமவெளியில் 1220 ஏப்ரல் 28 அன்று புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதைச் சுற்றி எழுந்த நகரத்துக்கு 1227-இல் மூன்றாம் ஹென்றி மன்னரின் சாசனமும் கிடைத்தது. மக்கள் தண்ணீரும் சந்தையும் இருந்த பக்கம் இறங்கிப் போனார்கள். பழைய பேராலயத்தின் கற்கள் 1331-ஆம் ஆண்டு உத்தரவின்படி புதிய ஆலய வளாகத்தின் மதிலுக்குப் போய்ச் சேர்ந்தன. கோட்டையில் எஞ்சியவற்றையும் எட்டாம் ஹென்றி 1514-இல் கொடுத்துவிட்டார்.

தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். 1295-இல் முதலாம் எட்வர்டு கூட்டிய நாடாளுமன்றத்துக்கு இவ்வூர் உறுப்பினர்களை அனுப்பியபோது புதிய நகரம் எழுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பெரிய ஊராக இருந்தபோது பெற்ற உரிமையை ஊர் சிறுத்த பிறகு விடாமல் வைத்துக்கொண்டது என்று பலரும் நினைப்பதுண்டு. உரிமை வந்தபோதே ஊர் தேய்ந்துகொண்டிருந்தது என்பதுதான் உண்மை. கோட்டை அப்போதும் மன்னருடைய கோட்டையாக நின்றது.

மக்களே இல்லாத இடத்தில் வாக்காளர் யார்?

இதுதான் இத்தொகுதியைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். அக்கால இங்கிலாந்தில் நகரத் தொகுதிகளுக்கு ஒரே மாதிரியான வாக்குரிமை கிடையாது. சில ஊர்களில் வரி செலுத்திய எல்லா ஆண்களுக்கும் வாக்கு இருந்தது. சில ஊர்களில் நகரசபை உறுப்பினர்களுக்கு மட்டுமே இருந்தது. ஓல்டு சேரத்தில் வாக்குரிமை மனையோடு ஒட்டியிருந்தது. பழைய ஊரின் குறிப்பிட்ட சில மனைகளுக்கு மனைக்கு ஒன்றாக வாக்கு உண்டு. அந்த மனையின் உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வாக்காளர். மனையில் வீடு இருக்க வேண்டியதில்லை, உரிமையாளர் அங்கே வசிக்க வேண்டியதுமில்லை. ஏர் உழுத நிலமாக இருந்தாலும் வாக்கு வாக்குத்தான்.

வாக்காளர் எண்ணிக்கை ஏழு என்றும் பத்து என்றும் பதினொன்று என்றும் வெவ்வேறு காலத்துக் கணக்குகள் தரும். ஒழிப்புக்கு முந்தைய ஆண்டான 1831-க்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 11. அந்தப் பதினொருவரும் வேறு இடங்களில் வாழ்ந்த நில உரிமையாளர்கள்.

எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் வாக்களிப்பது எப்படி?

நம் ஊரில் ‘பினாமி’ என்று சொன்னால் உடனே விளங்கிவிடும். இத்தகைய மனைத் தொகுதிகளில் தேர்தல் நெருங்கும்போது, பண்ணையின் உடைமையாளர் மனைப் பத்திரங்களைத் தம் வழக்கறிஞர், நண்பர், உறவினர், குத்தகைதாரர் முதலியோர் பெயரில் எழுதிக்கொடுப்பார். அவர்கள் வாக்களித்து முடித்ததும் பத்திரங்கள் அவரிடமே திரும்பிவிடும். தேர்தலை நடத்தி முடிவை அறிவிக்கும் அதிகாரியும் பண்ணையின் மணியக்காரர்தான். வேட்பாளரைக் குறிப்பவர், வாக்காளரை ஆக்குபவர், முடிவை அறிவிப்பவர் ஆகிய மூவரையும் ஒரே கை இயக்கியபோது போட்டிக்கு இடமேது?

வாக்குப் பதிவு நடந்த இடம் கோட்டைக்குள் அல்ல. மேட்டின் அடிவாரத்தில், ஸ்ட்ராட்ஃபோர்டு சிற்றூரை ஒட்டிய வயலில் நின்ற ஓர் எல்ம் மரத்தடியில் அது நடந்தது. கட்டடம் எதுவும் இல்லாததால் கூடாரம் அடிப்பார்கள், அழைப்பாணையையும் ஊழலுக்கு எதிரான சட்டத்தையும் முறைப்படி வாசிப்பார்கள், பெயர்கள் முன்மொழியப்படும், எதிர்ப்பு இல்லை என்று அறிவிக்கப்படும். கையில் எண்ணிச் சொல்லக்கூடிய சிலருக்காக, யாரும் விலைக்கு வாங்க வேண்டிய தேவையே இல்லாத வாக்குகளை முன்னிட்டு, லஞ்சத் தடைச் சட்டத்தைப் படித்துக் காட்டியதைவிடப் பெரிய கேலி அந்த வயலில் நடந்திருக்க முடியாது. அந்த மரத்தை மக்கள் ‘நாடாளுமன்ற மரம்’ என்றே அழைத்தார்கள்.

இது தேர்தல் மோசடி இல்லையா?

அக்காலச் சட்டப்படி இல்லை. வாக்கு என்பது ஒரு சொத்து. சொத்தை வாங்கலாம், விற்கலாம், மகனுக்கு எழுதிவைக்கலாம். ஓல்டு சேரத்தைப் படிப்பவர்கள் வயலையும் கூடாரத்தையும் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தொகுதியை அவ்வளவு காலம் காப்பாற்றியது குறுக்குவழி எதுவும் அல்ல; கிரயப் பத்திரத்தின் புனிதம்தான்.

சென்னைக்கும் ஓல்டு சேரத்துக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. 17-ஆம் நூற்றாண்டில் இம்மேடும் அதைச் சார்ந்த பண்ணையும் சாலிஸ்பரி பிரபுவின் குடும்பமான செசில் குடும்பத்தின் கையில் இருந்தன. 1691-இல் அவற்றை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோக உரிமையை மதிக்காமல் வங்காளக் கடற்கரையில் தனியாக வணிகம் செய்து, கம்பெனியின் வழக்கையும் அபராதத்தையும் சந்தித்து, அதற்கு மேலும் பணம் சேர்த்தவர் அவர். அடக்க முடியாதவரைக் கூட்டாளியாக்கிக்கொள்வதே மேல் என்று கம்பெனி முடிவு செய்ததோ என்னவோ, 1698-இல் அவரையே புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராகச் சென்னைக்கு அனுப்பிவைத்தது.

1709 வரை பிட் அப்பதவியில் இருந்தார். 1702-இல் முகலாயத் தளபதி தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது ஊரைக் காத்ததும், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்களை 1708-இல் கம்பெனிக்குப் பெற்றுத் தந்ததும் அவர் காலத்து நிகழ்ச்சிகள். இன்றைய சென்னையின் வரைபடத்தில் நுங்கம்பாக்கம் சேர்ந்த கதையில் வரும் அதே மனிதர், வில்ட்ஷயரில் ஆளில்லாத ஒரு தொகுதியின் முதலாளியாகவும் இருந்தார். அவர் சென்னையில் இருந்தபோதே, 1705-இல், மகன் ராபர்ட் பிட் ஓல்டு சேரத்தின் உறுப்பினரானார். 1710-இல் ஊர் திரும்பிய தாமஸ் பிட்டும் அதே தொகுதியிலிருந்து சபைக்குள் நுழைந்தார்.

சென்னையில் வாங்கிய வைரத்தை விற்றுத்தான் தொகுதியை வாங்கினார் என்கிறார்களே?

கேட்கச் சுவையான கதைதான், ஆனால் கணக்கு ஒத்துவராது. கிருஷ்ணா நதிப் பகுதிச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் எடையுள்ள வைரத்தைப் பிட் சென்னையில் ஜாம்சந்த் என்ற வணிகரிடம் பேரம் பேசி வாங்கினார். மகன் ராபர்ட் 1702-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பட்டை தீட்டிய பின் ஏறத்தாழ 141 காரட்டாகக் குறைந்த அக்கல்லைப் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 1717-இல் வாங்கினார். ‘ரீஜண்ட் வைரம்’ என்ற பெயரில் அது இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொகுதி கைமாறிய ஆண்டோ 1691. அதாவது, கல்லை வாங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தொகுதி அவருடையதாகிவிட்டது. வைரத்தில் வந்த பணம் கார்ன்வால் மாவட்டத்துப் பொக்கானக் பண்ணை போன்ற பெரிய சொத்துகளுக்குப் போயிற்று. ஓல்டு சேரத்தை வாங்கியது அதற்கு முந்தைய இந்திய வணிகத்தில் வந்த பணம்.

இத்தொகுதியிலிருந்து வந்தவர்களுள் மிகப் புகழ்பெற்றவர் யார்?

தாமஸ் பிட்டின் பேரன், மூத்த வில்லியம் பிட். 1734 பொதுத் தேர்தலில் அவருடைய அண்ணன் ஓல்டு சேரத்திலும் ஓக்ஹாம்ப்டனிலும் வென்று ஓக்ஹாம்ப்டனை வைத்துக்கொண்டதால், காலியான குடும்ப இடம் 1735 பிப்ரவரியில் 26 வயதுத் தம்பிக்குக் கிடைத்தது. குதிரைப் படையில் இளநிலை அதிகாரியாக இருந்த அவர் சபையில் பேசிய பேச்சு பிரதமர் வால்போலுக்கு உறுத்தியதால், 1736-இல் அவருடைய படைப் பதவி பறிக்கப்பட்டது. உறுப்பினர் பதவியை மட்டும் யாராலும் தொட முடியவில்லை; அது அண்ணன் கையில் இருந்தது. 1747 வரை அவர் ஓல்டு சேரத்தின் உறுப்பினர்.

பின்னாளில் ஏழாண்டுப் போரை நடத்தியவரும் சாதம் பிரபு ஆனவரும் இவரே. 1766-இல், அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது முத்திரை வரி விதித்தது பற்றிய விவாதத்தில், இத்தகைய சிறு தொகுதிகள் அரசமைப்பின் அழுகிய பகுதி என்றும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவை நிலைக்கா என்றும், தானே உதிராவிட்டால் வெட்டி எறியப்பட வேண்டும் என்றும் அவர் சொன்னார். சொன்னவர் எந்த வாசல் வழியாகச் சபைக்குள் வந்தவர் என்பது கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் தெரியும். 66 ஆண்டுகளில் வாக்குப் பலித்தது.

உடைமையாளரே தொகுதியை விட்டுக்கொடுக்க முன்வந்தது உண்மையா?

உண்மை. 1783 மே மாதம் மூத்த பிட்டின் மகனான இளைய வில்லியம் பிட் நாடாளுமன்றச் சீர்திருத்தத்துக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது, அவருடைய உறவினரும் அன்றைய உடைமையாளருமான இன்னொரு தாமஸ் பிட் எழுந்து, ஓல்டு சேரத்தைச் சீர்திருத்தத்துக்குப் பலியிடத் தயார் என்றார். அந்த இரு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இங்கிலாந்து வங்கிக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. பெருநகரங்கள் உறுப்பினரின்றிக் காத்திருந்தபோது அவருக்கு வங்கி நினைவுக்கு வந்திருக்கிறது! தீர்மானம் 149-க்கு 293 என்ற கணக்கில் தோற்றது. தொகுதி அவரிடமே தங்கியது. அடுத்த ஆண்டு அவர் கேமல்ஃபோர்டு பிரபு ஆனார்.

ஓல்டு சேரத்திலிருந்து சீர்திருத்தவாதி ஒருவரும் வந்தாராமே?

ஜான் ஹார்ன் டூக். ‘அழுகிய தொகுதிகள்’ எனப்பட்ட, வாக்காளர் அருகிப்போன இத்தகைய தொகுதிகளை எதிர்த்தவர். 1794-இல் ராஜத்துரோக வழக்கில் நின்று விடுதலையானவர். இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு 1801-இல் அவரை இத்தொகுதிக்கு நியமித்தார். அரசாங்கத்தைச் சீண்டுவதில் பிரபுவுக்கு இருந்த ஆசை தவிர வேறு கொள்கை விளக்கம் இதற்குத் தேவைப்படவில்லை. ஹார்ன் டூக் இளமையில் குருப்பட்டம் பெற்றவர் என்பதைப் பிடித்துக்கொண்டு எதிராளிகள் கிளம்பினார்கள். திருச்சபைக் குருமார் காமன்ஸ் சபையில் அமரக் கூடாது என்று அதே ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டது. அந்தச் சபை கலையும் வரை அவர் இருந்துவிட்டுப் போக அனுமதிக்கப்பட்டார். ஒரு வயல்வெளித் தொகுதியின் நியமனம் நாட்டின் சட்டப் புத்தகத்தில் தடம் பதித்தது.

தொகுதியின் விலை என்ன?

1802-இல் கேலடன் பிரபுவின் குடும்பத்துக்கு அது கைமாறியபோது விலை 60,000 பவுன் என்று குறிக்கப்படுகிறது. நிலமும் பண்ணை உரிமையும் ஆண்டுக்கு 700 பவுன் வருமானமே தரக்கூடியவை. நிலத்துக்கு உரிய விலையைத் தாராளமாகக் கழித்துவிட்டாலும், மீதமுள்ள பெருந்தொகை இரண்டு நாற்காலிகளுக்குக் கொடுத்த விலைதான்.

இங்கே சென்னை மறுபடியும் வருகிறது. அயர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் குடும்பத்தின் முதல் கேலடன் பிரபு இந்தியாவில் செல்வம் சேர்த்தவர்; அவருடைய சகோதரியை மணந்தவர் 1770 முதல் 1773 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசையஸ் டுப்ரே. ஓல்டு சேரத்தின் கடைசி உறுப்பினர்கள் இருவரும் இந்தக் குடும்பத்தினர்: ஜேம்ஸ் அலெக்சாண்டர், ஜோசையஸ் டுப்ரே அலெக்சாண்டர். பின்னவரின் பெயரே அந்த ஆளுநரை நினைவூட்டும். பின்னர் நிதியமைச்சரான நிக்கலஸ் வான்சிட்டார்ட்டும், தூதராகப் புகழ்பெற்ற ஸ்ட்ராட்ஃபோர்டு கேனிங்கும் இடையில் இத்தொகுதியில் அமர்ந்து சென்றவர்கள்.

ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரம் இதோடு தொடர்புடையதா?

ஓல்டு சேரத்தோடு நேரடியாக இல்லை. அது நின்ற முறையோடு உண்டு. நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கொடுமையான வட்டிக்குக் கடன் கொடுத்த சென்னைக் கம்பெனி ஊழியர்கள், அந்தக் கடனை நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதியின் (ஆற்காட்டுச் சீமையின்) வருவாயிலிருந்து வசூலிக்க லண்டனில் ஆள்பலம் தேவை என்று உணர்ந்தார்கள். அவர்களுள் பெரும்புள்ளியான பால் பென்ஃபீல்டு 1780-இல் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினரானார்; அதுவும் வில்ட்ஷயரில்தான் இருந்தது. தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவர் உருவாக்கியிருந்தார் என்று 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் சபையிலேயே குற்றம்சாட்டினார். தஞ்சாவூர், ஆற்காட்டுப் பகுதிகளின் குடியானவர் கட்டிய வரி, வட்டியாக மாறி, ஆங்கிலேய நாடாளுமன்ற இடங்களாக மாறி, அந்த வட்டியைக் காக்கும் வாக்குகளாகவும் மாறியது. இடங்கள் விலைக்குக் கிடைக்காத நாட்டில் இது நடந்திருக்காது.

இந்த முறையை ஆதரித்தவர்கள் என்ன சொன்னார்கள்?

இரண்டு வாதங்கள் முக்கியமானவை. உறுப்பினர் என்பவர் தம் ஊருக்கு மட்டுமல்ல, நாடு முழுமைக்கும் பிரதிநிதி. எனவே மான்செஸ்டரின் குரல் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் வாயிலாகவும் ஒலிக்கும் என்பது ஒன்று. செல்வமோ செல்வாக்கோ இல்லாத திறமைசாலி இளைஞர்கள் இவ்வழியாகத்தான் சபைக்குள் வர முடிகிறது என்பது மற்றொன்று. மூத்த பிட்டைக் காட்டியே இரண்டாவது வாதத்தைச் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அண்ணனின் தயவில் வந்த ஒரு பிட்டுக்குப் பக்கத்தில், வந்துபோனதே தெரியாத எத்தனை மைத்துனர்களும் வழக்கறிஞர்களும் அதே நாற்காலியில் இருந்தார்கள் என்பதை உறுப்பினர் பட்டியலைப் புரட்டினால் காணலாம்.

1832-இல் தொகுதி எப்படி ஒழிந்தது?

1831 மார்ச் 1 அன்று ஜான் ரஸ்ஸல் பிரபு சீர்திருத்த மசோதாவை அறிமுகம் செய்தார். இந்நாட்டின் பிரதிநிதித்துவத்தைக் காண வரும் வெளிநாட்டவர் ஒருவரை ஒரு பச்சை மேட்டுக்கு அழைத்துச் சென்று, இம்மேடு இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது என்று சொன்னால் அவர் எவ்வளவு வியப்படைவார் என்று அவர் கேட்டார். எந்த மேடு என்று அவர் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மசோதா இரண்டாம் வாசிப்பில் ஒரே ஒரு வாக்கில், 302-க்கு 301 என்று, தப்பியது. பிறகு சபை கலைக்கப்பட்டுப் பொதுத் தேர்தல் நடந்தது. அக்டோபரில் மேலவையான பிரபுக்கள் சபை மசோதாவை நிராகரித்தது. நாட்டிங்ஹாமிலும் பிரிஸ்டலிலும் கலவரம் மூண்டது. மூன்றாவது மசோதாதான் 1832 ஜூன் 7 அன்று சட்டமானது. எந்தத் தொகுதிகளை ஒழிப்பது என்பதைத் தீர்மானிக்க, ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள வீடுகளின் எண்ணிக்கையையும் அங்கிருந்து வரும் வரியையும் சேர்த்துக் கணக்கிட்டு வரிசைப்படுத்தினார்கள். முற்றாக உரிமை இழந்த 56 தொகுதிகள் அடங்கிய ‘ஏ’ அட்டவணையில் முதல் பெயர் ஓல்டு சேரம். மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ், ஷெஃபீல்டு ஆகிய நகரங்கள் தலா இரண்டு உறுப்பினர்களைப் பெற்றன.

இதைவிட மோசமான தொகுதி வேறு இருந்ததா?

போட்டிக்கு ஆட்கள் உண்டு. சர்ரே மாவட்டத்துக் கேட்டன் ஒரு மாளிகைத் தோட்டத்துக்குள் அடங்கிய தொகுதி. சஃபோக் கடற்கரையின் டன்விச் ஊரில் பெரும்பகுதியைக் கடலே விழுங்கிவிட்டது. அவற்றிலாவது குடியிருந்த சிலர் இருந்தார்கள்.

உடைமையாளருக்கு இழப்பீடு கிடைத்ததா?

கிடைக்கவில்லை. இது அன்று சாதாரணச் செய்தி அல்ல. 1785-இல் இளைய பிட் கொண்டுவந்த மசோதா, 36 சிறு தொகுதிகளின் உரிமையைப் பணம் கொடுத்து வாங்குவதற்குப் பத்து லட்சம் பவுன் ஒதுக்க முன்மொழிந்து, 174-க்கு 248 என்று தோற்றது. அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைத்தபோது, ஒழிக்கப்பட்ட ஒவ்வோர் ஐரிஷ் தொகுதிக்கும் 15,000 பவுன் உண்மையிலேயே வழங்கப்பட்டது. நாடாளுமன்ற இடம் தனியார் சொத்து என்று அரசே ஒப்புக்கொண்ட நடவடிக்கைகள் அவை. 1832-இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் 60,000 பவுன் கொடுத்த குடும்பத்திடம் எஞ்சியது, ஆண்டுக்குச் சில நூறு பவுன் தரும் மேய்ச்சல் நிலமும் உழவு நிலமும் மட்டுமே.

இன்று அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

மண் அரண்கள், கோட்டையின் சிதைவுகள், பழைய பேராலயத்தின் தரைத்தளக் கோடுகள் ஆகியவற்றை ‘இங்கிலீஷ் ஹெரிட்டேஜ்’ அமைப்பு பராமரித்துவருகிறது. மேட்டிலிருந்து தெற்கே பார்த்தால் 123 மீட்டர் உயரமுள்ள சாலிஸ்பரிப் பேராலயக் கோபுரம் தெரியும். எல்ம் மரம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தைக் குறிக்கும் கல் ஒன்று நடப்பட்டது. சென்னைத் தொடர்பைத் தேடுபவர்கள் அடிவாரத்திலுள்ள ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்துக்கும் போகலாம். 1711-இல் கட்டப்பட்ட அதன் கோபுரத்தில், கட்டக் கொடை தந்தவர் என்று தாமஸ் பிட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.